புற்றுநோய் ஆய்வாளர் ஒருவரின் கட்டுரைப் பட்டியலைப் படிப்பது எப்படி?

மருத்துவக் கல்லூரி நூலகத்தில் வேலை பார்ப்பதால் வருடத்துக்கு நாலைந்து பேராவது இந்தக் கேள்வியோடு என்னிடம் வருவார்கள். "சார், இவர்கிட்ட பிஎச்.டி. சேரலாம்னு இருக்கேன். எச்-இண்டெக்ஸ் 38 காட்டுது. பெரிய ஆளா?" என்று கைபேசியை நீட்டுவார்கள். சில சமயம் கேட்பவர் மாணவராக இருக்க மாட்டார். வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய். பத்திரிகையில் ஓர் ஆய்வாளரின் பேட்டி வந்திருக்கும். அவர் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று தெரிந்துகொள்ள வந்திருப்பார். இரண்டு பேருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: எச்-இண்டெக்ஸ் என்பது ஒருவரின் கட்டுரைகளை மற்ற ஆய்வாளர்கள் எவ்வளவு மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதைச் சுருக்கிச் சொல்லும் எண்; அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. உட்காருங்கள், பட்டியலைத் திறப்போம்.

ஒரு மாலை நேரமும் ஒரு நோட்டும் போதும். பணம் கட்டும் தளங்கள் கட்டாயம் இல்லை. உதாரணம் இல்லாமல் சொன்னால் மனதில் நிற்காது என்பதால், ஒருவரை எடுத்துக்கொண்டு போகிறேன்: டாக்டர் ரெங்கசாமி சங்கரநாராயணன். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் பணியாற்றிவிட்டு, பிறகு பிரான்சின் லியோன் நகரில் இருக்கும் ஐ.ஏ.ஆர்.சி. எனப்படும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமைக்குப் போனவர். புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் பிரிவைப் பல ஆண்டுகள் அங்கே நடத்தினார். அவருடைய முக்கியமான ஆய்வுகளில் ஒன்று நம் திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்தது.

முதலில், ஆள் இவர்தானா?

இதைத் தாண்டிக் குதிக்கிறவர்கள்தான் அதிகம். பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடல் தளத்தில் ஆசிரியர் பெயரைத் தேடும்போது, குடும்பப் பெயர் முழுதாகவும் மற்றது முதலெழுத்தாகவும் போகும். நம் ஊரிலோ குடும்பப் பெயர் என்று ஒன்று பெரும்பாலும் இல்லை. அப்பா பெயரின் எழுத்துதான் இனிஷியல். ஆக "சங்கரநாராயணன் ஆர்" என்று தட்டினால் லியோன்காரர் வருவார். கூடவே ஹைதராபாத்தில் சி.சி.எம்.பி. எனப்படும் செல், மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தின் ராஜன் சங்கரநாராயணனும் வருவார். அவர் புரதங்களின் அமைப்பை ஆராய்பவர், 2020-ல் இன்ஃபோசிஸ் பரிசு பெற்றவர். இருவருமே அவரவர் துறையில் பெரியவர்கள், ஆனால் ஒருவர் மற்றவர் அல்ல. பட்டியலில் மேலே கருப்பைவாய்ப் புற்றுநோய், அடுத்த வரியில் டி.ஆர்.என்.ஏ. (செல்லில் புரதம் தயாரிக்க உதவும் மூலக்கூறு) என்று வந்தால் அங்கேயே நில்லுங்கள்.

பல வருடங்களுக்கு முன் நானே இப்படி மாட்டிக்கொண்டேன். ஒரு பேராசிரியரின் பதவி உயர்வுக்காகப் பட்டியல் தயாரித்தபோது, அதே பெயர் கொண்ட வேறொருவரின் கட்டுரைகள் சில உள்ளே புகுந்துவிட்டன. நேர்காணல் மேசையில் அவர் பட்ட சங்கடத்தை நினைத்தால் இன்றும் மனசு கஷ்டப்படுகிறது. அதற்கப்புறம் ஒவ்வொரு கட்டுரையிலும் ஆசிரியர் பெயருக்குக் கீழே நிறுவன முகவரியைத் திறந்து பார்க்காமல் எண்ணுவதில்லை.

பெயர்க் குழப்பத்துக்குத் தீர்வாக 2012-ல் ஆர்க்கிட் என்ற 16 இலக்க அடையாள எண் வந்தது. ஆய்வாளரிடம் அது இருந்து, அவர் ஒழுங்காகப் பராமரித்தால் உங்கள் வேலை பாதி குறையும். பழைய தலைமுறை ஆய்வாளர்கள் பலரின் பக்கம் வெறுமையாகக் கிடக்கும். அப்போது முகவரி, கூட்டாளிகள், தலைப்பு மூன்றையும் ஒப்பிட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும். நீங்கள் இப்போதுதான் எழுதத் தொடங்குகிறீர்கள் என்றால், முதல் கட்டுரை அனுப்பும் முன்பே அந்த எண்ணை வாங்கிவிடுங்கள். பெயரை எப்படி எழுதப் போகிறீர்கள் என்பதையும் முடிவு செய்து, கடைசிவரை அதையே எழுதுங்கள்.

எங்கே தேடுவது, எண்களை எப்படி எடுத்துக்கொள்வது

பப்மெட் அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நடத்துவது, இலவசம், மருத்துவத்துக்கு முதல் இடம். கூகுள் ஸ்காலரும் இலவசம்தான். ஆனால் அது ஆய்வேடு, மாநாட்டுச் சுருக்கம், அச்சுக்கு முந்தைய பிரதி என்று கண்ணில் பட்டதை எல்லாம் எண்ணும். ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் இரண்டும் தேர்ந்தெடுத்த இதழ்களை மட்டும் எண்ணுகின்றன. அவற்றின் முழு வசதிக்குக் கல்லூரிச் சந்தா வேண்டும். ஒரே ஆளுக்கு ஸ்காலரில் பெரிய எண்ணும் ஸ்கோபஸில் சிறிய எண்ணும் வந்தால் யாரும் பொய் சொல்லவில்லை. எந்தத் தளம், எந்தத் தேதி என்று எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிவையுங்கள். தளம் தெரியாத எண்ணை நான் எந்தப் பட்டியலிலும் சேர்ப்பதில்லை.

இனி எச்-இண்டெக்ஸ். 2005-ல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த கணக்கு இது. ஒருவரின் கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி மேலிருந்து கீழே அடுக்குங்கள். 40, 22, 9, 4, 1 என்று இருந்தால் அவர் எச்-இண்டெக்ஸ் 4, ஏனென்றால் நான்கு கட்டுரைகள் குறைந்தது நான்கு முறை மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன. இன்னொருவருக்கு 2000, 3, 3, 1 என்றால் எச்-இண்டெக்ஸ் வெறும் 3. துறையையே திருப்பிப்போட்ட அந்த 2000 மேற்கோள் கட்டுரை இந்தக் கணக்கில் மூன்றாகச் சுருங்கிவிட்டது. வயதும் இதில் இருக்கிறது. எண் ஏறுமே தவிர இறங்காது, ஆகவே முப்பது வருட அனுபவம் உள்ளவரோடு ஐந்து வருடக்காரரை ஒப்பிடுவது நியாயமே இல்லை.

இதழின் இம்பாக்ட் ஃபேக்டர் ஆய்வாளரின் எண் அல்ல. முந்தைய இரண்டு ஆண்டுகளில் அந்த இதழில் வந்த கட்டுரைகள் இந்த ஆண்டு சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதுதான் அது. அமெரிக்கப் புற்றுநோய் சங்கத்தின் 'சி.ஏ.' இதழுக்கு 2020-ல் இந்த எண் 500-ஐத் தாண்டியது. காரணம் எளிது: உலகப் புற்றுநோய்ப் புள்ளிவிவரக் கட்டுரை அதில்தான் வருகிறது. "உலகில் ஆண்டுதோறும் இத்தனை பேருக்கு" என்று தொடங்கும் புற்றுநோய்க் கட்டுரைகள் எல்லாம் முதல் வரியிலேயே அதைச் சுட்டுகின்றன. அதே இதழில் அடுத்த பக்கத்தில் வந்த வேறொரு கட்டுரைக்கு அந்த 500-இல் எந்தப் பங்கும் இல்லாமல் இருக்கலாம். இதழின் எண்ணை வைத்து மனிதரை அளக்காதீர்கள் என்று ஆய்வாளர்களே 2012-ல் சான்பிரான்சிஸ்கோவில் கூடி, டோரா என்ற அறிக்கையை எழுதினார்கள். நம் ஊர் நேர்காணல்களில் அந்த எண்ணை இன்னும் கேட்கிறார்கள். கேட்டால் சொல்லுங்கள். ஆனால் நீங்கள் ஒருவரை எடைபோடும்போது அதை ஓரமாக வையுங்கள்.

துறைக்குத் துறை மேற்கோள் பழக்கம் வேறு என்பதால், ஒப்பிட வேண்டுமானால் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஐசைட் தளம் உதவும். அதே துறை, அதே ஆண்டுக் கட்டுரைகளோடு ஒப்பிட்டு ஒரு விகிதம் தருகிறது. 1 என்றால் அந்த நிறுவனம் நிதி கொடுத்த கட்டுரைகளின் நடு அளவு. கட்டுரையின் பப்மெட் எண்ணைப் போட்டால் போதும், இலவசம்.

பட்டியலைப் பிரித்து வையுங்கள்

நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள். அவரே முன்னின்று செய்த மூல ஆய்வுகள், மற்றவர்களின் ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் ரிவ்யூ கட்டுரைகள், நூற்றுக்கணக்கான பெயர்களோடு வந்த கூட்டு ஆய்வுகள், கடிதமும் தலையங்கமும்.

ரிவ்யூ கட்டுரைக்கு மேற்கோள் கொட்டும். டக்ளஸ் ஹானஹானும் ராபர்ட் வைன்பெர்க்கும் 2000 ஜனவரியில் செல் இதழில் எழுதிய, புற்றுநோயின் ஆறு அடிப்படை அடையாளங்களை வகுத்த கட்டுரை ஒரு ரிவ்யூதான். புதிய பரிசோதனை எதுவும் அதில் இல்லை. ஆனால் சிதறிக் கிடந்த கண்டுபிடிப்புகளை ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவந்ததால், புற்றுநோய் உயிரியலில் மிக அதிகம் சுட்டப்பட்டவற்றில் ஒன்றாகிவிட்டது. 2011-ல் அவர்களே அதை விரிவுபடுத்தினார்கள். அந்த மாதிரி ஒரு ரிவ்யூ ஒரு சாதனை. மற்றபடி, ஒருவரின் மேற்கோள்களில் பெரும்பங்கு ரிவ்யூக்களில் இருந்து வந்தால், சொந்த ஆய்வு எது என்று தனியாகத் தேடிப் பாருங்கள்.

ஆசிரியர் வரிசையையும் கவனியுங்கள். மருத்துவ, உயிரியல் கட்டுரைகளில் முதல் பெயர் வேலையைச் செய்தவர், கடைசிப் பெயர் பெரும்பாலும் ஆய்வகத்தை நடத்துபவர். நடுவில் 40-வது பெயராக இருப்பவரும் மாதிரிகள் சேகரித்துக் கொடுத்து உண்மையாகவே உழைத்திருக்கலாம், அதைக் குறைத்துப் பேச வேண்டாம். ஆனால் பட்டியல் முழுக்க நடுவிலேயே இருந்தால், அவருடைய சொந்தக் கேள்வி என்ன என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஒரு கட்டுரையையாவது முழுதாகப் படியுங்கள்

இதைச் செய்யாமல் மற்றதெல்லாம் செய்து பயனில்லை. நாற்பது கட்டுரைகளின் தலைப்பைப் புரட்டுவதைவிட ஒன்றை உட்கார்ந்து படிப்பது அதிகம் சொல்லும்.

2007-ல் லான்செட் இதழில் வந்த திண்டுக்கல் ஆய்வை எடுங்கள். ஆசிரியர்கள் லியோன், ஒட்டன்சத்திரம் அருகே அம்பிளிக்கையில் இருக்கும் சமுதாய சுகாதார மையம், சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை ஆகிய இடங்களைச் சேர்ந்தவர்கள். கேள்வி எளிமையானது. கருப்பைவாய்ச் செல்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் பாப் ஸ்மியர் பரிசோதனைக்கு ஆய்வகமும் நிபுணரும் வேண்டும், கிராமத்துக்கு அது எட்டாது. கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரில் இருக்கும் அதே அமிலத்தை, தடவி ஒரு நிமிடம் காத்திருந்தால் கோளாறான இடம் வெள்ளையாகத் தெரியும். பயிற்சி பெற்ற நர்ஸ் இதைப் பார்த்துச் சொன்னால் சாவு குறையுமா?

30 முதல் 59 வயதுப் பெண்கள். 114 பகுதிகளைச் சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்து, 57-இல் பரிசோதனை, 57-இல் வழக்கமான சிகிச்சை. பரிசோதனைப் பகுதிகளில் 49,311 பெண்கள். அவர்களில் வந்து பரிசோதித்துக்கொண்டவர்கள் 31,343 பேர், அதாவது ஏறக்குறைய 64 சதவீதம். இந்த இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். முடிவைக் கணக்கிடும்போது வந்தவர்களை மட்டும் எடுக்காமல், வராதவர்களையும் சேர்த்து 49,311 பேரையும் எடுத்தார்கள். வந்தவர்களை மட்டும் எண்ணியிருந்தால் முடிவு இன்னும் பளபளப்பாகத் தெரிந்திருக்கும். ஆனால் உடல்நலத்தில் ஏற்கெனவே அக்கறை உள்ளவர்கள்தான் வருவார்கள், அதனால் கணக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அப்படிக் கறாராக எண்ணியும், புதிதாக நோய் வருவது 25 சதவீதமும் சாவு 35 சதவீதமும் குறைந்தன.

பரிசோதனை நடந்தது 2000 முதல் 2003 வரை, முடிவு வந்தது 2007. இப்படிப்பட்ட ஆய்வாளரின் பட்டியலில் சில ஆண்டுகள் மெலிந்து தெரியலாம். அந்த வருடங்களில் அவர் சும்மா இருக்கவில்லை. ஒட்டன்சத்திரம் பக்கத்து ஊர்களில் நர்ஸ்கள் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார்கள். எலிகளில் ஆறு மாதத்தில் முடியும் சோதனையோடு இதை எண்ணிக்கையில் ஒப்பிடாதீர்கள்.

அடுத்து, அதே ஆய்வாளரின் இன்னொரு கட்டுரையைப் பக்கத்தில் வையுங்கள். மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில், இன்றைய தாராசிவ் மாவட்டத்தில், 1,31,746 பெண்களிடம் நடந்த ஆய்வு 2009-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. நான்கு குழுக்கள்: கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸுக்கான பரிசோதனை, பாப் ஸ்மியர், வினிகர் முறை, வழக்கமான சிகிச்சை. ஒரே ஒரு முறை எச்.பி.வி. பரிசோதனை செய்த குழுவில் இந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் 34, ஒப்பீட்டுக் குழுவில் 64. ஆனால் திண்டுக்கல்லில் பலன் தந்த வினிகர் முறை இங்கே சாவைத் தெளிவாகக் குறைக்கவில்லை. தன் முந்தைய முடிவுக்கு ஒத்துப்போகாததையும் ஒருவர் அதே தெளிவோடு அச்சிடுகிறார் என்றால், எனக்கு அந்தப் பட்டியல் மேல் மதிப்பு கூடுகிறது. இந்த ஆய்வுகளில் பரிசோதனை கிடைக்காத குழு ஒன்றை வைத்தது முறைதானா என்ற விவாதமும் பின்னர் எழுந்தது. அதையும் நோட்டில் எழுதுங்கள், ஒருவரின் தாக்கத்தில் அதுவும் சேரும்.

பணம் கட்டினால்தான் கட்டுரை திறக்கும் என்று வந்தால் முழுக் கட்டுரைகளை இலவசமாகத் தரும் பப்மெட் சென்ட்ரலில் தேடுங்கள். அங்கும் இல்லை என்றால் முகவரி கொடுத்திருக்கும் ஆசிரியருக்கே மரியாதையாக இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள். பிரதி அனுப்பிவைப்பவர்கள் நிறைய.

கட்டுரை எங்கே போய்ச் சேர்ந்தது?

மேற்கோள் என்பது ஆய்வாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது. நோயாளிவரை போனதா என்று பார்க்க வேறு காகிதங்களைத் திறக்க வேண்டும்: உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு நெறிகள், மத்திய மாநில அரசு ஆணைகள், சிகிச்சை வழிமுறைகள். அவற்றின் பின்பக்க மேற்கோள் பட்டியலில் உங்கள் ஆய்வாளரின் பெயரைத் தேடுங்கள்.

நான் மாணவர்களுக்கு எப்போதும் சொல்வது தடுப்பூசிக் கதையை. எச்.பி.வி. தடுப்பூசியை மூன்று தவணைக்குப் பதில் இரண்டாகக் குறைக்கலாமா என்று 2009-ல் இந்தியாவில் ஒன்பது இடங்களில் ஐ.ஏ.ஆர்.சி. ஆய்வு தொடங்கியது. 2010 ஏப்ரலில் வேறொரு தடுப்பூசித் திட்டத்தைச் சுற்றி எழுந்த சர்ச்சையால், நாட்டில் நடந்த எச்.பி.வி. தடுப்பூசி ஆய்வுகளில் ஊசி போடுவதை நிறுத்தச் சொன்னது அரசு. பாதியில் நின்றுபோனதால் 4,950 சிறுமிகளுக்கு ஒரே ஒரு தவணைதான் கிடைத்திருந்தது. ஆய்வு பாழாய்ப் போனது என்று விட்டிருக்கலாம். குழு விடவில்லை, அந்தப் பெண்களைத் தொடர்ந்து கண்காணித்தது. 2016-ல் லான்செட் ஆன்காலஜியில் சங்கரநாராயணன் முதல் ஆசிரியராக வந்த கட்டுரை, ஒரு தவணையே நல்ல பாதுகாப்பு தருவதாகத் தெரிகிறது என்றது. 2021-ல் பார்த்த பாசு முதல் ஆசிரியராகப் பத்தாண்டு முடிவு வந்தது: வைரஸின் 16, 18 வகைகள் உடலில் நிலைத்துத் தங்குவதை ஒரு தவணை 95.4 சதவீதம் தடுத்தது. கென்யா, கோஸ்டா ரிகா ஆய்வுகளும் சேர, 2022 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் 9 முதல் 20 வயதுவரை ஒரு தவணையும் போதும் என்று ஏற்றுக்கொண்டது. மூன்று ஊசி வாங்கக் காசில்லாத நாட்டுக்கு இது என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். எச்-இண்டெக்ஸில் இந்த நகர்வுக்கு இடமே கிடையாது.

திரும்பப் பெறப்பட்டவை

இந்த வேலையைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். பப்மெட்டில் திரும்பப் பெறப்பட்ட, அதாவது இனி நம்ப வேண்டாம் என்று இதழே அறிவித்த, கட்டுரைக்கு மேலேயே எச்சரிக்கைப் பட்டை இருக்கும். ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளம் 2023 முதல் கட்டுரைகளுக்கு அடையாள எண் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பு வழியாக எல்லோருக்கும் இலவசம். பப்பியர் தளத்தில் கட்டுரையின் படங்களில் சந்தேகம் எழுப்பியிருக்கிறார்களா என்று பார்க்கலாம்.

திரும்பப் பெற்றது என்றாலே மோசடி என்று பாயக்கூடாது. நேர்மையான தவறைக் கண்டுபிடித்துத் தாமே திரும்பப் பெற்றவர்களும் உண்டு. காரணத்தைப் படியுங்கள். மேற்கோள் எண் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு டியூக் பல்கலைக்கழகக் கட்டுரை ஒன்று பாடம். கட்டியின் மரபணுச் செயல்பாட்டைப் பார்த்தே எந்தக் கீமோ மருந்து வேலை செய்யும் என்று சொல்லலாம் என்றது அது, 2006-ல் நேச்சர் மெடிசின் இதழில். ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையின் புள்ளியியலாளர்கள் கீத் பேகர்லியும் கெவின் கூம்ஸும் அதே கணக்கைத் தாங்களும் போட்டுப் பார்த்தார்கள். வரவில்லை. தோண்டியபோது, மரபணுப் பட்டியல் அட்டவணையில் ஒரு வரி கீழே நழுவியிருந்தது. மருந்துக்குக் கட்டுப்படும், கட்டுப்படாத என்ற பெயர்களும் சில இடங்களில் தலைகீழாக மாறியிருந்தன. அதற்குள் அந்த முறையை வைத்து நோயாளிகளைச் சேர்த்துச் சோதனைகள் நடந்துகொண்டிருந்தன. 2010-ல் அவை மூடப்பட்டன, 2011 ஜனவரியில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அதுவரை சேர்ந்த மேற்கோள்கள் எந்தக் கணக்கிலிருந்தும் தானாகக் கழிந்துவிடவில்லை.

மருந்துச் சோதனை நடத்துபவர் என்றால், சோதனைத் திட்டங்களை முன்கூட்டியே பதிவு செய்யும் பதிவேடுகளையும் திறங்கள். இந்தியாவில் சி.டி.ஆர்.ஐ. பதிவேடு 2007-ல் வந்தது, 2009 ஜூன் 15 முதல் பதிவு கட்டாயம். முதலில் அளக்கப் போவதாகச் சொன்னதும், கட்டுரையில் அளந்ததாகச் சொல்வதும் ஒன்றுதானா? பதிவு செய்து பல ஆண்டுகளாகியும் முடிவு வெளியாகாமல் கிடக்கும் சோதனை எத்தனை? இதழே சந்தேகமாக இருந்தால், அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் அட்டவணையில், தேர்ந்தெடுத்த இதழ்களின் தொகுப்பான மெட்லைனில் அந்த இதழ் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பப்மெட்டில் தெரிவது மட்டும் சான்று ஆகாது.

சேரப் போகும் மாணவருக்கு இன்னும் ஒன்று

அவர் கடைசி ஆசிரியராக இருக்கும் கட்டுரைகளில் முதல் பெயர்களை மட்டும் தனியாக எழுதுங்கள். அவர்கள்தான் உங்களுக்கு முன்னால் அந்த மேசையில் உட்கார்ந்தவர்கள். ஒவ்வொருவருக்கும் முதல் ஆசிரியராகக் கட்டுரை கிடைத்ததா? சேர்ந்து எத்தனை வருடம் கழித்து? இப்போது எங்கே இருக்கிறார்கள்? ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்து மற்றவர்கள் நடுவில் கரைந்திருந்தால், அவர்களில் இரண்டு பேருக்காவது போன் போட்டுப் பேசுங்கள். எடுத்தவுடனே "சாரைப் பற்றி என்ன நினைக்கிறீங்க" என்று கேட்காதீர்கள், யாரும் மனம் திறக்க மாட்டார்கள். "உங்க முதல் பேப்பர் டிராஃப்டை சார் திருத்திக் கொடுக்க எத்தனை நாள் ஆச்சு?" என்று கேளுங்கள்.